எந்த ஆண்டுக்குத் திரும்புவது? ஓர் ஏ 40 காரின் வரலாறு

பழைய கார் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாட்டுப்புறம் சுற்றிவருவது இன்று உலகின் பல நாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் பளபளவென்று மெருகேற்றிய மொறிஸ் மைனரில் ஏறிக் கிராமப்புறப் பாதைகளில் போய்வரலாம். கியூபாவின் ஹவானா நகரில் 1950களின் அமெரிக்கக் கார்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக வரிசையில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலும் கேட்டால் கிடைக்கும். திருமணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க, புகைப்படம் எடுக்க, கோடை விடுமுறையில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகின்ற பிள்ளைகளுக்கு ஊர் காட்ட என்று புதுப்பிக்கப்பட்ட ஒஸ்டின், மொறிஸ் கார்களை விசாரிப்போர் இருக்கிறார்கள்.

ஆனால் இம்மூன்று இடங்களிலும் பழைய கார் தப்பிப் பிழைத்த காரணம் ஒன்றல்ல. இங்கிலாந்தில் அதைக் காப்பாற்றியது ஆசை. வசதியுள்ளவர்கள் விரும்பிச் சேகரித்தார்கள். ஹவானாவில் காப்பாற்றியது தடை. 1959இல் புரட்சி வந்தது. 1962இல் அமெரிக்காவின் வர்த்தகத் தடை முழுமையானது. அதன்பின் புதிய அமெரிக்கக் கார் வர வழியில்லை. இருந்ததைத்தான் ஓட்டினார்கள். யாழ்ப்பாணமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இங்கே வாடகைக்குக் கிடைக்கின்ற பழைய கார் பற்றாக்குறையின் சாட்சி. அதில் ஏறுகின்றவர்கள் அதன் வரலாற்றையும் அறிந்துகொண்டு ஏறினால் நல்லது என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தவர்கள் 'ஏ போட்டி' என்று செல்லமாக அழைக்கின்ற ஒஸ்டின் ஏ 40 இரண்டாம் உலகப் போரின் பின்விளைவாகப் பிறந்த கார். 1905இல் ஹேர்பேட் ஒஸ்டின் பேர்மிங்காமுக்கு அண்மையில் லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில் தொடங்கிய தொழிற்சாலை அதைத் தயாரித்தது. போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. 'ஏற்றுமதி இல்லையேல் அழிவு' என்பதே அன்றைய முழக்கம். ஏற்றுமதி செய்கின்ற நிறுவனத்துக்கே உருக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் 1947இல் 'டெவன்' என்ற பெயரோடு ஏ 40 வந்தது. 1200 சீசீ எஞ்சின், ஏறத்தாழ நாற்பது குதிரைவலு. அந்த நாற்பதே காரின் பெயரானது. 1952இல் அதற்கு அடுத்ததாக உருண்டு திரண்ட உடலோடு 'சோமசெற்' வந்து, 1954 வரை தயாரிக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் புதிய காருக்காகக் காத்திருக்க, ஏ 40 கார்களின் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது.

அப்படிப் போன நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1950, 1951ஆம் ஆண்டுகளில் கொரியப் போரின் காரணமாக இறப்பரின் விலை உயர்ந்தபோது இலங்கையின் கையில் அந்நியச் செலாவணி தாராளமாகப் புழங்கியது. இறக்குமதி பெருகியது. யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் கார் வாங்கக்கூடியவர்கள் யாரென்று நம் மூத்தவர்களுக்குத் தெரியும். வைத்தியர்கள், பிரக்டர்மார், சுருட்டு வியாபாரிகள், தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவர்கள், மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்'கள். வாசலில் ஒரு கார் நின்றால் அந்த ஒழுங்கைக்கே அது ஓர் அடையாளம்.

இந்தக் கார்களின் இலக்கத் தகட்டைக் கவனித்துப் பார்த்தால் இந்நாட்டின் அரசியல் வரலாற்றின் ஒரு பக்கம் தெரியும். 1950களின் நடுப்பகுதிவரை பதிவான வாகனங்களுக்கு 'சிலோன்' என்ற நாட்டின் பெயரிலிருந்து எடுத்த இரண்டு ஆங்கில எழுத்துகள் வழங்கப்பட்டன. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1957 தொடக்கம் புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தை நடத்தியது. தமிழ் 'ஸ்ரீ' எழுதிக் காரோட்டியவர்கள் வழக்குகளைச் சந்தித்தார்கள். அதே ஆண்டு யூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாகிச் சிங்கள ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எழுத்துகள் அழிக்கப்பட்டன. பதிலுக்குத் தெற்கே தமிழ் எழுத்துகளின் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. இன்று ஓர் ஏ 40 காரின் தகட்டில் ஸ்ரீ இல்லாமல் ஆங்கில எழுத்துகள் இருக்குமானால், அது அந்தத் தகராறு தொடங்குவதற்கு முந்திய இலங்கையில் பதிவான கார் என்று அறிந்துகொள்ளலாம்.

இக்கார்கள் நீண்ட ஆயுள் பெற்றதற்கு முதற்காரணம் 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி. தனியார் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை நாடு முழுவதுமே பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டியது. கைபிடித்துப் பழகும் இந்தத் தொழில் சிங்களப் பகுதிகளிலும் நன்றாக வளர்ந்தது. மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான கார். இங்கிலாந்தின் பாத் நகரில் அவற்றைப் புதுப்பிக்கும் தொழில் செய்துவந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் அவற்றின் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்கும் கூட்டு முயற்சியில் இறங்கினார். கார் பிறந்த நாட்டுக்கு, அதை மறக்காத நாட்டிலிருந்து பாகங்கள் போயின.

அதே 1990களில் யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியலோடு பொருளாதாரத் தடை வந்தது. அளவோடு கிடைத்தது மண்ணெண்ணெய் மட்டுமே. அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் போதாத நிலை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். பத்திரிகைகள் கிடைத்த தாளில் அச்சாகின. எங்கள் தொழிலிலும் தாளும் மையும் தங்கம்போல எண்ணிச் செலவிடப்பட்டன.

அந்தக் காலத்தில்தான் ஏ 40 தன் இரண்டாவது வாழ்வைத் தொடங்கியது. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டலாமா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. ஓட்டலாம்; ஆனால் எல்லா எஞ்சினும் அதற்கு இணங்காது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. எஞ்சின் முதலில் சூடேறவேண்டும். ஆகவே சிறிதளவு பெற்றோலில் இயக்கி, சூடேறியபின் ஒரு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அத்துடன் மண்ணெண்ணெய் அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளாது. பிந்திய காலத்து யப்பானியக் கார்களின் எஞ்சின் கலவையை அதிகமாக அமுக்குவதால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன் வெடித்து 'தட்டும்'. ஏ 40 போன்ற பழைய எஞ்சின்களில் அந்த அமுக்கம் குறைவு. எனவே புதிய கார்கள் கொட்டிலில் தூங்க, கிழவன் ஓடினான்.

இது யாழ்ப்பாணத்தில் திடீரென்று தோன்றிய அதிசயம் அன்று. 1940களின் இறுதியில் பிரித்தானியாவில் செய்த பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில்தான் வேலை செய்தது. பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளுக்கு மாறும். அங்கே தொழிற்சாலைப் பொறியியலாளர் செய்ததை, இங்கே கராஜ்காரர் கிடைத்த செப்புக் குழாயையும் ஒரு பித்தளைத் திருகியையும் வைத்துச் செய்தார். அதற்கு விலையும் இருந்தது. பிளக் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். வெண்புகை கண்ணைக் கரிக்கும். பற்றறி வலுவிழந்திருந்தாலும் ஏ 40க்கு அது பெரிய தடையாகவில்லை. முன்பக்கத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் உயிர்பெறும். 1950களின் பிரித்தானியக் கார் ஒன்று, தன்னைச் செய்தவர்கள் கற்பனையும் செய்திராத ஒரு முற்றுகைக்குத் தயாராக வந்திருந்தது போலிருந்தது.

அவை சுமந்தது யாரை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளை, காய்ச்சலில் கிடந்த குழந்தைகளை, ஷெல் பட்டவர்களை, மணமக்களை, சில வேளைகளில் சடலங்களை. ஓர் ஊருக்கு ஒன்றோ இரண்டோ ஓடக்கூடிய கார். நள்ளிரவில் அந்தக் கார்க்காரரின் படலையைத் தட்டாத குடும்பம் குறைவு.

2024ஆம் ஆண்டு ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலம், பள்ளித் தோழர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். 1984இல் நாட்டைவிட்டுப் போனவர். அவருடைய தகப்பனாரிடம் ஒரு சோமசெற் இருந்தது. அதில் கீரிமலைக்குப் போனது, வல்லிபுரக் கோயிலுக்குப் போனது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருநாளைக்கு எண்டாலும் அப்பிடியொரு காரிலை ஊர் சுத்த வேணும்" என்றார். விசாரித்து ஒரு காரை வாடகைக்குப் பேசினோம். சாம்பல் நிறம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. இருக்கைகளுக்குச் சிவப்பு உறை. திரும்புவதற்குக் கைகாட்டுகின்ற சிறிய அம்புக்குறிகூடக் கதவோரத்தில் வேலைசெய்தது. கியர் ஸ்ரியறிங் தண்டிலேயே இருந்தது. தோழர் கதவைத் தடவிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

சாரதி ஐம்பது வயதை அண்டியவர். கார் அவருடைய தகப்பனாருடையது. எஞ்சின் மூடியைத் திறந்து காட்டியபோது, துப்புரவாகப் பூச்சடித்த அந்த இடத்தில் பூச்சில்லாத ஒரு பித்தளைத் திருகி மட்டும் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

"தம்பி, இது எதற்கு?" என்று கேட்டேன். எதற்கென்று எனக்குத் தெரியும். அவர் வாயால் கேட்க விரும்பினேன்.

"மண்ணெண்ணைத் திருகி ஐயா. கார் திருத்தினவை கழட்டச் சொன்னவை. கொம்பனியிலை வந்த மாதிரி இருக்க வேணுமாம். அப்பா பூட்டினது, கிடக்கட்டும் எண்டு நான்தான் விடச் சொன்னனான்."

அரியாலை தாண்டிச் செம்மணி வெளிக்கு வந்தோம். 1999இலும், பின்னர் அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இலும் மண்ணைத் தோண்டி மனித எலும்புகளை எடுத்த செம்மணி. நாங்கள் போன அந்த நாளில் உப்புநீர் வெளியும் காற்றும் மட்டுமே தெரிந்தன. நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது சாரதி வேகத்தைக் குறைத்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்து இப்பாதையால்தான் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அன்று இந்தக் காரைத் தகப்பனார் ஓட்டினாராம். உள்ளே முதியவர்கள் ஐவர், மேலே மூட்டைகள். நெரிசலில் எஞ்சினை ஓடவிட்டால் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். நிறுத்தினால் மறுபடி சூடேற்றப் பெற்றோல் இல்லை. எனவே எஞ்சினை நிறுத்திவிட்டு, அப்போது இருபது வயதளவிலிருந்த இவரும் தமையனும் பாலத்தைத் தாண்டும்வரை காரைத் தள்ளிக்கொண்டு போனார்களாம்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. பின்னிருக்கையில் கீரிமலைக் கதை நின்றுபோனது. தோழருக்கு இந்தக் கார் 1960களின் கார். அவர் போன பிறகு அது என்ன பட்டது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது அவருடைய குற்றமும் அன்று. ஒரே காருக்குள் இரண்டு காலங்கள் பயணம் செய்தன.

கைதடி, பிறகு சாவகச்சேரி. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமாகி மீண்டும் எழுந்த பட்டினம். கொடிகாமத்தில் திரும்பி, ஒருகாலத்தில் தட்டிவான்கள் மூட்டைகளும் மனிதருமாய் ஓடிய பாதையில் வரணி ஊடாகப் பருத்தித்துறைக்குப் போனோம். பனங்கூடல்களுக்கு நடுவே மணிக்கு முப்பது மைல் வேகம். தோழர் மெதுவாகச் சாரதியோடு பேசத் தொடங்கியிருந்தார். ஆனால் இப்போது அவர் கேட்டவை வேறு கேள்விகள். மண்ணெண்ணெய் எங்கே வாங்கினீர்கள், ரயர் தேய்ந்தால் என்ன செய்தீர்கள், காசில்லாத நோயாளியிடம் அப்பா என்ன வாங்குவார். பருத்தித்துறையில் வடை வாங்கிக்கொண்டு, வல்லை வெளிக் காற்றில் நனைந்து, புத்தூர், நீர்வேலி வாழைத்தோட்டங்கள், கோப்பாய் வழியாக மாலையில் ஊர் திரும்பினோம்.

அந்தப் பயணத்தின் பின் எனக்குள் ஒரு கேள்வி நின்றது. பழைய காரைப் புதுப்பிப்பது என்றால் அதை எந்த ஆண்டுக்குத் திருப்புவது? தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திருப்புவதே முறை என்பது உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களின் விதி. பூச்சின் நிறம் முதல் திருகாணி வரை அசல் இருக்கவேண்டும். இங்கிலாந்தில் நின்ற காருக்கு அந்த விதி பொருந்தும். யாழ்ப்பாணத்து ஏ 40ஐ 1953க்குத் திருப்பினால், அது உண்மையில் வாழ்ந்த ஆண்டுகளைத் துடைத்துவிடுகிறோம். லோங்பிரிட்ஜில் வேலைசெய்தவர் அதை ஒருமுறை செய்தார். யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் அதை நாற்பது வருடம் திரும்பத் திரும்பச் செய்தார். அந்தப் பித்தளைத் திருகி அவருடைய கையெழுத்து. லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையை நடத்திய எம்.ஜி. றோவர் நிறுவனமே 2005இல் முறிந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் வரலாற்றை எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கராஜ்காரர்களின் வரலாற்றை எழுத யார் இருக்கிறார்கள்? அவர்களிற் பலர் இறந்துவிட்டார்கள். எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் அரிது. அவர்கள் விட்டுப்போன ஆவணம் கார்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வண்ணம் பூசினால் ஆவணமும் போய்விடும்.

இது வெறும் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2020இல் நாட்டின் செலாவணி இருப்பைக் காக்கவென்று வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2022இல் முழு இலங்கையும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அந்த ஆண்டு கியூ ஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். கொழும்பு முதன்முறையாக அறிந்த அந்தத் தவிப்பு, யாழ்ப்பாணத்து முதியவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய கார்கள் வரும், வரட்டும். அப்போது பழையவை இரண்டு வழிகளில் போகும். சில இரும்புக்கடைக்கு, சில அலங்காரப் பொருளாக வாடகைக்கு.

வெளிநாடுகளிலிருந்து வருகின்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வந்தால் கட்டாயம் ஒரு பழைய காரை வாடகைக்கு எடுங்கள். அந்தப் பணம் அதைக் காத்துவந்த குடும்பத்துக்கு உதவும். பிள்ளைகளை முன்னிருக்கையில் வைத்துப் படமும் எடுங்கள். எடுத்தபின் சாரதியிடம் எஞ்சின் மூடியைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய்க் காலத்தில் இது ஓடியதா, யார் ஓட்டினார், யாரை ஏற்றினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே பதிவுசெய்துகொள்ளுங்கள். புதுப்பிக்கக் காசு கொடுப்பவராக நீங்கள் இருந்தால், கராஜில் ஒரு சொல் சொல்லிவையுங்கள்: பூச்சை மாற்றலாம், இருக்கையை மாற்றலாம், அந்தத் திருகியில் கைவைக்க வேண்டாம்.